தேய்வதற்கென்றே பிறந்த வளையம்

சக்கரத்தின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் பாரம் சுமக்கும் உறுப்புகளுக்கே இடம் கிடைக்கிறது. மரச்சக்கரம், ஆரக்கால், இரும்புப் பட்டை, காற்றடைத்த டயர், குண்டு பேரிங், ரோலர் பேரிங் என்று அந்தக் கதை வரிசையாகப் போகும். பாரம் எதையும் சுமக்காமல், உள்ளே இருக்கும் கிரீஸை வெளியே விடாமலும் வெளியே இருக்கும் சேற்றையும் தண்ணீரையும் உள்ளே விடாமலும் ஹப்பின் பின்வாயில் உட்கார்ந்திருக்கும் வளையத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டறைகளில் அதற்கு ஆயில் சீல் என்று பெயர். தகரக் கூடும் ரப்பர் உதடும் மெல்லிய சுருள்கம்பியும் சேர்ந்த மலிவான பொருள் அது. ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஆற்றையும் மலையையும் தன் இடமாக்கிக்கொண்டதற்கு எஞ்சினின் வலுவையும் கியர்களையும் காரணம் சொல்கிறோம். இந்த வளையமும், அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்ட இடம்வைத்து ஹப்பை வடிவமைத்த அறிவும் அதே அளவுக்குக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம். மாற்ற வேண்டியிருப்பது ஓர் உறுப்பின் குறை என்று நினைக்க இன்று பழகியிருக்கிறோம். வரலாறு அதற்கு நேர்மாறாகப் பேசுகிறது.

மோட்டார் வருவதற்கு முந்தைய வண்டிகளில் மசகு என்பது போடப்போட ஒழுகிப்போகும் பொருள். மாட்டுவண்டி அச்சில் இடும் வண்டி மை வழிந்து, மண்ணோடு கலந்து, அச்சைக் காப்பதற்குப் பதில் அரைக்கும் பசையாக மாறிவிடும். கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே தள்ளி, பழையதைத் துடைத்துப் புது மை இடுவது வண்டிக்காரரின் வாடிக்கையான வேலை. ஐரோப்பாவின் குதிரை வண்டிகளும் நெடுங்காலம் இதே நிலையில்தான் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜான் காலிஞ்ச் என்பவர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். அவருடைய அச்சின் முனையில் எண்ணெய் தேங்கும் மூடியும், பின்பக்கத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் தோல் வளையமும் இருந்தன. ஒருமுறை எண்ணெய் விட்டால் மாதக்கணக்கில் ஓடலாம். ஏறத்தாழ அதே காலத்தில், 1794இல், வேல்ஸின் கார்மார்தனைச் சேர்ந்த பிலிப் வான் வண்டி அச்சுக்குள் குண்டுகளை வைத்து உருட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்வந்த நூல்கள் வானைத்தான் கொண்டாடின. ஆனால் அடுத்த நூற்றாண்டில் சாலையில் உண்மையாக ஓடியது காலிஞ்சின் அச்சு. உராய்வைக் குறைக்கும் யோசனையைவிட, எண்ணெயை வைத்துக் காக்கும் ஏற்பாடு முதலில் பயன்பட்டது என்பதை இந்த இரண்டு காப்புரிமைகளின் கதியே காட்டுகிறது.

குண்டுகளின் காலம் சைக்கிளோடு வந்தது. 1869 நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்ற சைக்கிளில் குண்டு பேரிங் இருந்தது. 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃபிரெட்ரிக் ஃபிஷர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் சாணைபிடிக்கும் எந்திரத்தை உருவாக்கினார். 1898இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் கூம்பு வடிவ ரோலர் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்துக்கு இதுவே பொருத்தமான பேரிங். மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், திருப்பத்தில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் ஒருசேரத் தாங்கும். தேய்ந்தால் நட்டை இறுக்கி ஆட்டத்தைக் குறைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக அது தனித்தனியாகப் பிரியும். வெளி வளையமான கப் ஹப்பிலேயே இருக்க, ரோலர்களோடு சேர்ந்த கோன் கையோடு வந்துவிடும். கழுவலாம், கண்ணால் பார்க்கலாம், மறுபடி கிரீஸ் அடைத்து மாட்டலாம். ஆனால் பிரியும் பேரிங் என்றால் திறந்த பேரிங். அதன் வாயை அடைக்கத் தனியாக ஒன்று வேண்டும். ஆரம்பகால மோட்டார் வண்டிகளில் அந்த வேலையைக் கம்பளி ஃபெல்ட் வளையம் செய்தது. புழுதியை ஓரளவு வடிகட்டும். தண்ணீர் பட்டால் ஊறிப்போகும்.

இந்தச் சிக்கலுக்கு விடை வந்த இடம் பேரிங் ஆலையோ எஞ்சின் ஆலையோ அல்ல, தோல் தொழில். சிகாகோவில் 1878இல் தொடங்கப்பட்ட சிகாகோ ராஹைட் நிறுவனம் நீராவி எந்திரங்களுக்கான தோல் பெல்ட்டுகளைச் செய்துவந்தது. ஜெர்மனியின் வைன்ஹைமில் 1849இல் தொடங்கிய ஃபிராய்டன்பெர்க் ஒரு தோல் பதனிடும் ஆலை. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இருந்த இந்த இரண்டும் 1920களின் இறுதியில் மோட்டார் வண்டிகளுக்கான சீல் தயாரிப்பில் இறங்கின. பொருளாதாரப் பெருமந்தம் தோலுக்கான பழைய சந்தையைக் குலைத்தபோது ஃபிராய்டன்பெர்க்குக்கு இந்தப் புதுத் தொழில் பெரும் துணையானது. பொறியாளர் வால்டர் சிம்மரின் பெயரால் அவர்கள் வளையத்துக்கு சிம்மரிங் என்றே பெயர் வைத்தார்கள். தகரக் கூட்டுக்குள் மடித்த தோல் உதடு, அதை அச்சோடு ஒட்டிப் பிடிக்க ஒரு சுருள்கம்பி வளையம் என்ற அமைப்பு அப்போது உருவானது. இன்று கடையில் வாங்கும் ஆயில் சீலைப் பிரித்துப் பார்த்தாலும் அதே மூன்று உறுப்புகள்தான் தென்படும். தோல் எண்ணெயை உறிஞ்சித் தன்னையே வழவழப்பாக்கிக்கொள்ளும், சொரசொரப்பான அச்சையும் பொறுத்துக்கொள்ளும். சூடு ஏறினால் மட்டும் காய்ந்து விறைத்துவிடும்.

தோலுக்கு மாற்று ரப்பர் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று கிடைத்த ரப்பர் அதற்கு உதவவில்லை. மலாயாவில் தமிழ்த் தொழிலாளர்கள் பால்மரம் வெட்டி எடுத்த இயற்கை ரப்பர் உலகின் டயர்களைச் சுமந்தது. ஆனால் கனிம எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருத்து வலுவிழந்துவிடும். 1930களின் நடுவில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த நைட்ரைல் ரப்பர்தான் எண்ணெயில் ஊறாத முதல் பொருத்தமான பொருள். அதன் பிறகுதான் தோல் உதடு ரப்பர் உதடானது. அந்த உதடு எப்படி அடைக்கிறது என்பது அதற்கும் இருபது ஆண்டு கழித்தே விளங்கியது. 1957இல் பிரிட்டனில் இ. டி. ஜாகர் நடத்திய சோதனைகள், சுழலும்போது உதடு அச்சை நேராகத் தொடுவதில்லை, நடுவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது என்று காட்டின. உதட்டின் இரு பக்கச் சரிவும் வெவ்வேறு கோணத்தில் இருப்பதால் வெளியே வரப் பார்க்கும் எண்ணெய் மீண்டும் உள்ளேயே தள்ளப்படுகிறது. சுருள்கம்பி தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும் என்று பட்டறைகளில் சொல்லிக்கொடுக்கப்படும் விதிக்கு இதுதான் காரணம். திருப்பி மாட்டினால் காக்க வேண்டிய சீலே எண்ணெயை வெளியேற்றத் தொடங்கும்.

இவ்வளவும் எல்லா மோட்டார் வண்டிக்கும் பொது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில்தான் சிக்கல் முழுவதும் ஓரிடத்தில் குவிகிறது. சாதாரணப் பின்சக்கர இழுவை வண்டியின் முன் ஹப்பை வெளிப்பக்கம் ஒரு மூடியால் முழுதாக அடைத்துவிடலாம்; காக்க வேண்டியது பின்வாய் ஒன்றுதான். முன்சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் அந்த ஹப்பின் நடுவே அச்சுத்தண்டு நுழைந்து வர வேண்டும். அதே சக்கரம் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். 1908இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆட்டோ சாக்கோவும் வில்லியம் பெசர்டிக்கும் பெற்ற காப்புரிமையின் சாரம், திரும்பும் மூட்டை ஓர் உருண்டைக் கூட்டுக்குள் வைத்து மூடியதுதான். அந்தக் காப்புரிமையிலிருந்து கிளின்டன்வில்லில் பிறந்த எஃப்டபிள்யூடி நிறுவனத்தின் லாரிகள் முதல் உலகப்போரில் ஆயிரக்கணக்கில் ஓடின. விசையைச் சக்கரத்துக்குக் கடத்துவதும் அதைக் கடத்தும் மூட்டைச் சேற்றிலிருந்து மறைப்பதும் ஒரே கண்டுபிடிப்பின் இரு பாதிகளாகப் பிறந்தன.

1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய ஜீப்பில் இந்த ஏற்பாடு முதிர்ந்த வடிவத்தைக் காணலாம். அதன் முன் அச்சில் காவல் மூன்று அடுக்கு. டிஃபரன்ஷியல் எண்ணெய் அச்சின் குழாய் வழியே சக்கரப் பக்கம் போகாமல் தடுக்க உள்ளே ஒரு சீல். திரும்பும் உருண்டையின் மேல் ஒட்டிய சேற்றை வழித்துவிட இரண்டு அரைவட்டமாகப் பிளந்த ஃபெல்ட் சீல். ஹப்பின் பின்வாயில் பேரிங்கைக் காக்க இன்னொன்று. ஃபெல்ட் சீலை இரண்டாகப் பிளந்து வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு: முழு வளையமாக இருந்தால் அதை மாற்ற, சக்கரத்தோடு திரும்பும் கூடான நக்கிள் முழுவதையும் பிரிக்க வேண்டும், பாதி பாதியாக இருந்தால் சில போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். சீல் தேயும், மாற்றுகிறவர் சேற்றில் உட்கார்ந்து குறைந்த கருவிகளோடு மாற்றுவார் என்று வரைபடத்திலேயே எதிர்பார்த்திருக்கிறார்கள். அன்றைய கிரீஸின் குறையும் இந்த எதிர்பார்ப்பை வலுப்படுத்தியது. சோடா சோப்பில் செய்த கிரீஸ் சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரைந்துபோகும்; சுண்ணாம்பு சோப்பில் செய்தது தண்ணீரைத் தாங்கும், சூட்டில் இளகிவிடும். இரண்டையும் தாங்கும் லித்தியம் கிரீஸுக்கு 1942இல்தான் காப்புரிமை கிடைத்தது.

கிரீஸ் எவ்வளவு நல்லதானாலும் ஆற்றில் இறங்கும் வண்டிக்குச் சீலே கதி. ஓடிச் சூடேறிய ஹப் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த வெற்றிடம் தண்ணீரை உதட்டின் வழியே உள்ளே இழுக்கிறது. சீல் நன்றாக இருந்தால் தாங்கும். உதடு விறைத்திருந்தாலோ, உதடு உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ தண்ணீர் புகுந்து கிரீஸ் பால் நிறத்துக்கு மாறும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. உள் சீல் விட்டுப்போனால் டிஃபரன்ஷியல் எண்ணெய் கிரீஸோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். அந்தக் கரிய கலவை பின்வாய் வழியே வழிந்து பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைத்துவிட்டால், மலையிறக்கத்தில் அந்தச் சக்கரத்தின் பிரேக் பிடிக்காது. பேரிங் கெடுவது செலவு, பிரேக் நனைவது உயிருக்கு ஆபத்து. சின்ன வளையம் ஒன்றுக்கு இத்தனை பக்கம் எழுதுவதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

மாற்றும் வேலையைக் கிட்டத்திலிருந்து பார்த்தால் வடிவமைப்பாளரின் மனம் புரியும். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தையும் டிரம்மையும் எடுத்தபின், அச்சுத்தண்டையும் ஹப்பையும் பிணைக்கும் தட்டின் ஆறு போல்ட்டுகளைக் கழற்றுகிறார்கள். உள்ளே பெரிய நட்டு, அதை அசையவிடாமல் மடித்துவைத்த லாக் வாஷர், அதற்கும் உள்ளே இன்னொரு நட்டு. மடிப்பை நிமிர்த்தி இரண்டையும் எடுத்தால் ஹப் முழுதாகக் கையில் வரும். உள் பேரிங் சீலுக்குப் பின்னால் சிறைப்பட்டிருக்கும். சீலை நெம்பாமல் அதை எடுக்க முடியாது, நெம்பிய சீல் வளைந்துவிடும். ஆக, பேரிங்கைப் பார்க்க வேண்டுமென்றால் சீலைப் பலிகொடுத்தே ஆக வேண்டும். பழைய சீலை மறுபடி மாட்டும் ஆசைக்கு இந்த அமைப்பு இடம்தரவில்லை. பிறகு மண்ணெண்ணெயில் கழுவி, ரோலரிலும் கப்பிலும் நீலம் பாய்ந்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உள்ளங்கையில் கிரீஸை வைத்துக் கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்த அழுத்த, மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். புதுச் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குகிறார்கள். கடைசியில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சொன்ன அளவுக்குத் தளர்த்தி, வாஷரை மடித்துப் பூட்டுகிறார்கள்.

பேரிங்கின் முன்னேற்றம் எஃகின் முன்னேற்றம்தான், சீலுக்கு இவ்வளவு பெருமை ஏன் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வானின் குண்டுகள் 1794இல் வெல்லாததற்கு அன்றைய எஃகின் தரமும் ஒரு காரணம். ஃபிஷரின் சாணை எந்திரம் இல்லாமல் இருபதாம் நூற்றாண்டுப் பேரிங் இல்லை. ஆனால் எஃகு எவ்வளவு உயர்ந்தாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது அதைச் சூழ்ந்த எண்ணெயின் தூய்மை. டிம்கன் நிறுவனத்தில் ஆர். இ. கான்ட்லி 1977இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணாகவே சொன்னது. எண்ணெயில் 10 லட்சத்தில் 100 பங்கு தண்ணீர் இருக்கும்போது கிடைக்கும் ஆயுள், தண்ணீர் 400 பங்கானால் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. 400 பங்கு என்றால் ஒரு லிட்டர் எண்ணெயில் அரை மில்லி லிட்டருக்கும் குறைவான தண்ணீர். அந்த அரை மில்லியை வெளியே நிறுத்துவது எஃகின் வேலையல்ல, உதட்டின் வேலை.

போருக்குப் பின் வந்த வண்டிகள் இந்த வாதத்துக்குச் சாலையிலேயே சாட்சி சொன்னன. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், 1950களில் தொடங்கிய டொயோட்டா லேண்ட் குரூஸர் வரிசை, வில்லிஸ் உரிமத்தில் மகிந்திரா இந்தியாவில் செய்த ஜீப் என எல்லாமே இரட்டைக் கூம்பு பேரிங், தனிச் சீல், பிரிக்கத்தக்க ஹப் என்ற வழியையே பின்பற்றின. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபு வரை, 1950களில் செய்த லேண்ட் ரோவர்கள் அண்மைக்காலம் வரை கற்பாதையில் ஆளேற்றிச் சென்றன. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் வழியும் ஜீப்பை நம்பியது. தொழிற்சாலையின் துணையில்லாத மலையூர்களில் ஒரு வண்டி தலைமுறை கடந்து ஓட வேண்டுமானால், தேய்கிற பொருள் தனியாக, மலிவாக, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 1984இல் வந்த லேண்ட் குரூஸர் 70 வரிசை இன்றும் அதே முறையில் திறந்து கழுவி மாட்டும் முன் ஹப்போடு தயாராவதற்கு, அது ஆஸ்திரேலியச் சுரங்கங்களிலும் ஆப்பிரிக்கக் காடுகளிலும் ஓட வேண்டியிருப்பதே காரணம்.

இதற்கிடையே கார் உலகம் வேறு வழியில் போனது. இரண்டு வரிசைக் குண்டுகளையும் கிரீஸையும் சீலையும் ஆலையிலேயே சேர்த்து மூடி, ஒரே துண்டாக விற்கும் ஹப் யூனிட் படிப்படியாக வளர்ந்து இன்று பெரும்பாலான கார்களில் இருக்கிறது. அதன் சீல்களில் ஒன்றே காந்த வளையமாகவும் இருந்து ஏபிஎஸ் சென்சாருக்குச் சக்கரத்தின் வேகத்தைச் சொல்வதும் உண்டு. இதன் நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. நகரச் சாலையில் ஓடும் கார் பேரிங்குக்குக் கிரீஸ் அடைப்பது என்ற வேலையையே பார்க்காமல் ஆயுள் முடிக்கிறது. தூசி பறக்கும் பட்டறையில் அவசரமாகத் திறந்த ஹப் மண்ணோடு மூடப்படுவதும், நட்டை அளவுக்கு மேல் இறுக்கிப் பேரிங்கை எரித்துவிடுவதும் நடக்கக்கூடியவை. யூனிட் அந்தத் தவறுகளுக்கு இடமே தருவதில்லை. சாதாரணக் கார் வாங்குகிறவருக்கு அது நல்ல பேரம்.

ஆனால் அந்தப் பேரம் ஆற்றில் இறங்கும் வண்டிக்குப் பொருந்தாது. யூனிட்டின் சீல் விட்டுப்போனால், எஃகு நன்றாக இருக்கும்போதே முழு யூனிட்டையும் தூக்கி எறிய வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்ததைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ஊளைச் சத்தம் கேட்கும்போது பேரிங் ஏற்கெனவே கெட்டிருக்கும். கழற்றத்தக்க ஹப்பில் சில ரூபாய்ச் சீலோடு முடியும் செலவு இங்கே பல மடங்காகி உரிமையாளர் தலையில் விழுகிறது. கையின் தவறுகள் கைக்குப் பயிற்சி தரவேண்டும் என்பதற்கான வாதமே தவிர, கையை விலக்கிவிட வேண்டும் என்பதற்கான வாதமாகாது. பள்ளம் விழுந்த அச்சின் மேல் 0.28 மில்லி மீட்டர் தடிமனில் எஃகு உறை ஏற்றி, அச்சை மாற்றாமலேயே சீலுக்குப் புது இடம் தரும் முறை இருப்பதும் இதனால்தான். அச்சைக் காப்பாற்றத் தெரிந்த தொழில் அது.

2022 ஜூலையில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்கக் குழு அமைத்தபோது, அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அந்த உரிமை கைபேசித் திரையோடும் மென்பொருள் பூட்டோடும் நின்றுவிடக் கூடாது. காட்டுக்கும் மலைக்கும் வயலுக்கும் என்று விற்கப்படும் வண்டியில் சீல் தனி உதிரிப்பாகமாகக் கிடைக்க வேண்டும். அதை மாட்டும் முறையும் நட்டை இறுக்கும் அளவும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அச்சாகிக் கையேட்டில் இருக்க வேண்டும். வாங்குகிறவர்களும் ஷோரூமில் எஞ்சின் குதிரைத்திறனைக் கேட்கும்போதே இதையும் கேட்க வேண்டும்: இந்த வண்டியின் ஹப் சீலை மட்டும் தனியாக மாற்ற முடியுமா? முடியாது என்று பதில் வந்தால், அது தண்ணீரில் இறங்குவதற்காகச் செய்த வண்டி அல்ல.